டால்பினின் கண்

பெட்டியோடு வந்த தாளில் ஒரு ஆள் நிற்கிறான்,
முகம் கிடையாது, வெறும் கோடு.
அவன் தலைக்கு நேரே அலமாரி.
தரையிலிருந்து ஒரு அம்பு: ஐந்தடி.

கே.டி.சி. நகரில் இந்தச் சுவர்
நாங்கள் கட்டியதில்லை, வாங்கியது.
குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
கட்டியவருக்குத் தெரியும். அவர் மஸ்கட்டில்.
அதனால் ரெண்டு ரூபாய்த் துட்டால்
ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு வந்தேன்,
தேங்காய் வாங்குகிறவள்போல் காதைச் சாய்த்து.
இங்கே கெட்டி.
இங்கே கெட்டி.
இங்கே பொள்ளல், வேண்டாம்.

எதிர்வீட்டுச் செல்வின் துரை டிரில் கொண்டுவந்தான்.
ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். கோயிலுக்குப் போய் வந்த
வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினான்.
பிட் வழுக்காமலிருக்க
டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டினான்.
“எடுத்த எடுப்புல இடிக்க விடக்கூடாதுக்கா,
டைல் தெறிச்சிரும். மொதல்ல சும்மா சுத்தட்டும்.”
குறி விழுந்த இடம் ஒரு டால்பினின் கண்.
வீட்டை விற்றவரின் ரசனை அது:
மூணு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற தெருவில்
குளியலறை முழுக்கக் கடல்.

நான் சொம்பிலிருந்து சொட்டு விட்டேன்.
முதலில் வெள்ளையாக வழிந்தது,
அரிசி களைந்த தண்ணீர்போல.
அப்புறம் சாம்பல்.
அப்புறம் செங்கலின் சிவப்பு.
என்ன சத்தம்! பல் வைத்தியரிடம்
வாயைத் திறந்துகொண்டு கிடந்தது வீடு.

கரண்டு போனது.

பிட் சுவருக்குள்ளேயே நிற்க
முதுகுக்குப் பின்னால் இவர் குரல்,
பாதியிலிருந்து கேட்டது:
“…எட்டாதுல்லா. அப்பமே பிடிச்சிச் சொல்லுதேன்,
ரெண்டு பேரு காதுலயும் விழுதா?”

வாசலில் சக்கர நாற்காலி.
மடியில் நாலு திருகாணி,
எண்ணி வைத்துக்கொள்ளுங்கள் என்று
நான்தான் கொடுத்திருந்தேன்.

வல்லநாடு தாண்டி அந்த லாரி வந்து
பதினாலு மாதம்.
பதினாலு மாதமாக இவர் தாடையைப் பிடித்து
நான் சவரம் செய்கிறேன்.
தன் முகத்தைத் தானே பார்த்துச் செய்யட்டும் என்றுதான்
கண்ணாடிக் கதவு போட்டதாகத் தேடி வாங்கினேன்.
வாங்கி வந்து
ஐந்தடியில் குறி வைத்தவளும் நான்தான்.

செல்வின் என்னமோ சொல்ல வந்து
டேப்பை உருளையில் திரும்பச் சுற்றினான்.
நான் அந்த ஐந்தடி ஆளை நாலாக மடித்து
ஈரத்தில் போட்டு அதன்மேல் முழங்காலிட்டேன்.
நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம்.
இவரே பென்சிலை வாங்கித்
தன் மூக்குக்கு நேரே ஒரு கோடு இழுத்தார்.
லெவல் வைத்தால் குமிழி ஒரு பக்கமாக ஓடியது.
“இருக்கட்டும். என் மூக்கும் கோணல்தான.”

கரண்டு வந்தது பன்னிரண்டே காலுக்கு.
ஒவ்வொரு துளைக்கும் நடுவில்
செல்வின் டிரிலை நிறுத்தி
இவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.
நாலு துளை, நாலு பிளக்கு.
மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்
மூணாவது கீழே விழுந்து சாக்கடைச் சல்லடையில் சிக்கியது, எடுத்தோம்.

டால்பின் கண்ணை அடைக்க
வெள்ளை சிமெண்ட் பொட்டலம் ஒன்று வாங்கினேன்.
அலமாரிக்கு மேலே இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.
ஆபீசுக்குக் கிளம்பும்போது
குனிந்துதான் பொட்டு வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை
இவர் தாடையில் மூணு இடத்தில் ரத்தம்.
அடுப்படியிலிருந்து ஓடப் போனேன், நின்றேன்.
டெட்டால் கீழ்த்தட்டில்.
கதவு திறக்கிற சத்தம் கேட்டது.